வங்காள விரிகுடாவின் பச்சை எங்கே இருக்கிறது? நீரோட்டமும் சுழலும் பிளாங்க்டனும்

கேள்வி இதுதான்: ஜூலை மாதத்துச் செயற்கைக்கோள் குளோரோபில் படத்தில், இலங்கையின் தென்கரையிலிருந்து ஒரு பச்சைப் பட்டை கிளம்பி, கிழக்கே போய், வங்காள விரிகுடாவுக்குள் வளைகிறது. அதற்கு வடக்கே நடுக்கடல் முழுக்க நீலம். இத்தனை ஆறுகள் வந்து விழும் கடல் ஏன் இப்படி வெறுமையாகத் தெரிகிறது? அந்தப் பச்சை அங்கேயே வளர்ந்ததா, நீரோட்டம் கொண்டுவந்து சேர்த்ததா? சுழல்கள் சில படங்களில் பச்சையாகவும் சிலவற்றில் நீலமாகவும் தெரிவது ஏன்?

இலங்கைக்குத் தெற்கே உள்ள பச்சையில் இரண்டும் கலந்திருக்கிறது. கரையோரம் வளர்கிறது, நீரோட்டம் இழுத்துப் போகிறது, போகிற வழியிலும் வளர்கிறது. ஆனால் விரிகுடாவின் நடுப்பகுதி நீலமாகத் தெரிவதை வைத்து அங்கே எதுவும் நடக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அங்குள்ள சுழல்கள் மேற்பரப்புக்கு 30 முதல் 70 மீட்டர் கீழே வேலை செய்கின்றன. செயற்கைக்கோளின் பார்வை அவ்வளவு ஆழம் போவதில்லை.

முதலில் அடிப்படைக் கணக்கு. தாவர மிதவைக்கு, அதாவது குளோரோபில் கொண்ட நுண்ணிய தாவரப் பிளாங்க்டனுக்கு, வெளிச்சம் மேலே இருக்கிறது, உரம் கீழே இருக்கிறது. தெளிந்த நடுக்கடலில், மேற்பரப்பில் விழும் ஒளியில் சுமார் 1 சதவீதம்தான் 75, 80 மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேரும். அந்த ஆழத்துக்குக் கீழே வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் மூன்றும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. ஏனென்றால் செத்த செல்களும் விலங்கு மிதவைகளின் கழிவும் மூழ்கிப்போய், பாக்டீரியாவால் சிதைந்து, கீழேதான் மறுபடி உரமாகின்றன. விரிகுடாவின் நடுக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில்கூட மேற்பரப்பு நைட்ரேட் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அதே இடத்தில் 100 மீட்டர் கீழே லிட்டருக்கு 15 மைக்ரோமோலுக்குக் குறையாமல் இருக்கும். இந்த மாற்றம் படிப்படியாக நிகழ்வதில்லை. 50 முதல் 100 மீட்டருக்குள் ஏதோ ஓர் ஆழத்தில் சட்டென்று ஏறும். அந்த எல்லையை நைட்ரேட் சரிவு என்று வைத்துக்கொள்வோம்.

கீழிருந்து எவ்வளவு உரம் வந்தால் எவ்வளவு பச்சை வளரும்? ரெட்ஃபீல்ட் விகிதப்படி, மிதவைகளின் உடலில் 106 கரிம அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ். லிட்டருக்கு 1 மைக்ரோமோல் நைட்ரேட் முழுதும் செலவானால், ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் கரிமமும், தோராயமாக 1 மில்லிகிராம் குளோரோபில்லும் உருவாகும். விரிகுடா நடுக்கடலின் வழக்கமான மேற்பரப்பு அளவு கன மீட்டருக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம்தான். ஆக, கீழே கிடக்கும் 15 மைக்ரோமோலில் ஒரே ஒரு மைக்ரோமோல் வெளிச்சத்துக்கு ஏறிவந்தால் போதும், பச்சை ஐந்து முதல் பத்து மடங்காகும். கடல் நீர் செங்குத்தாக நகர்வது எவ்வளவு சின்ன வேகத்தில் நடந்தாலும் அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

அந்த வேகங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிடையான நீரோட்டம் வினாடிக்கு அரை மீட்டர் என்றால் ஒரு நாளில் 43 கிலோமீட்டர். காற்றால் நீர் மேலேறும் வேகமோ நாளுக்கு ஒரு மீட்டர், சில இடங்களில் அதற்கும் குறைவு. உரமும் வெளிச்சமும் கிடைத்தால் தாவர மிதவை இரட்டிப்பாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். விலங்கு மிதவைகள், குறிப்பாகக் கோபிபாட்கள் என்ற நுண்ணிய ஓட்டுடலிகள், ஒரு தலைமுறை முடிக்க இந்த வெப்பமான கடலிலும் வாரங்கள் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு பட்டை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால், உரம் ஏறிய இடத்தையும் பச்சை தெரியும் இடத்தையும் தனித்தனியாகத் தேட வேண்டும். இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கலாம்.

இலங்கைக்கு வருவோம். மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று இலங்கையின் தென்கரையை ஒட்டிக் கிழக்கு நோக்கி வீசுகிறது. வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் மொத்தமாகக் காற்றின் வலப்பக்கம் நகரும். இங்கே வலப்பக்கம் என்பது தெற்கு, அதாவது கரையை விட்டு விலகும் திசை. விலகிய நீருக்குப் பதிலாகக் கீழிருந்து குளிர்ந்த, உரமுள்ள நீர் மேலேறுகிறது. இதே காலத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவ நீரோட்டம் இலங்கையின் தெற்கே கிழக்காக ஓடி, பிறகு வடகிழக்கே திரும்பி விரிகுடாவுக்குள் நுழைகிறது. குமரிமுனைப் பக்கம் மேலேறிய நீரையும் அது கூடவே கொண்டுவருகிறது. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனை அருகே ஓரிடத்தில் இன்று உரம் ஏறியது என்று வைத்துக்கொண்டால், அந்த நீர் பத்து நாளில் 430 கிலோமீட்டர் போய், ஏறத்தாழ 84.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை எட்டிவிடும். பச்சை உச்சத்துக்கு வர ஒரு வாரம் பிடிக்கும் என்பதால், உரம் ஏறிய இடத்தைவிட அதற்குக் கிழக்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் பச்சை அதிகமாகத் தெரிவதில் வியப்பில்லை.

நீரோட்டம் வடக்கே வளையும் இடத்தில், அதன் இடப்பக்கம், இலங்கைக்குக் கிழக்கே இன்னொரு அமைப்பு உண்டு. அதை இலங்கைக் குவிமாடம் என்பார்கள். அங்கே காற்றின் சுழற்சி மேல்நீரை நாலாபுறமும் விலக்குவதால் கீழ்நீர் குவிமாடம் போல மேலே புடைத்து நிற்கும். கடலியலாளர்கள் விநயச்சந்திரனும் யமகட்டாவும் 1998-இல் இதை விவரித்தார்கள். மே மாதவாக்கில் தோன்றி, ஜூலையில் முற்றி, செப்டம்பரில் கலையும். அதாவது, கரையோரத்தில் கிளம்பிய பச்சை நீர் போகிற வழியில் இங்கே இரண்டாவது முறை உரம் பெறலாம். 2016 ஜூன், ஜூலையில் சிந்து சாதனா கப்பலிலிருந்து நடந்த பாப்பிள் (BoBBLE) என்ற ஆய்வு இந்தப் பகுதியைத்தான் 8 டிகிரி வடக்கு அட்சரேகை நெடுக அளந்தது. குவிமாடத்தின் கீழ் குளோரோபில் உச்சம் ஆழம் குறைந்து அடர்த்தியாக இருக்கும். கிழக்கே போகப்போக அது ஆழத்துக்கு இறங்கும்.

இந்தப் பச்சைப் பட்டை ஒரு கட்டத்தில் மங்கிவிடுகிறதே, எங்கே போகிறது? ஒரு பகுதியை விலங்கு மிதவைகள் தின்றுவிடுகின்றன. இன்னொரு பகுதி கண்ணுக்கு மறைகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் நீர் உப்பு மிகுந்தது, ஆகவே கனமானது. விரிகுடாவின் மேல்நீர் இலேசானது. எதிர்ப்பட்டதும் உப்பு நீர் அடியில் சறுக்கிப் போய்விடும், அதனுள் இருக்கும் மிதவைகளும் கூடவே இறங்கும். படத்தில் பட்டை முடிந்துவிட்டதாகத் தெரியும் இடத்தில் அது கீழே தொடர்ந்துகொண்டிருக்கலாம்.

விரிகுடா ஏன் இலேசு? கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி ஆகியவற்றோடு நேரே கடலில் விழும் மழையும் சேர்ந்து, மேலே உப்புக் குறைந்த ஓர் அடுக்கை விரித்துவிடுகின்றன. வடக்கே மேற்பரப்பு உப்பு ஒரு கிலோ நீருக்கு 30 கிராமுக்கும் கீழே போகும். கீழே 34, 35. இந்த அடர்த்தி வேறுபாட்டைக் காற்றால் எளிதில் கலக்க முடியாது. ஆறுகள் உரம் கொண்டுவராதா என்று பலரும் கேட்பார்கள். கொண்டுவருகின்றன, ஆனால் அதில் பெரும்பகுதி கழிமுகங்களிலும் கரையோரத்திலுமே செலவாகிவிடுகிறது, நடுக்கடலுக்கு வருவது கொஞ்சம். நடுக்கடலுக்குத் தாராளமாக வந்து சேர்வது நன்னீர்தான். அது மூடிபோல மேலே கிடந்து, கீழே இருக்கும் உரத்தை ஏறவிடாமல் தடுக்கிறது. அதே பருவக்காற்றில் அரபிக்கடல் பச்சையாகப் பொங்குவதற்கும் விரிகுடா நீலமாகக் கிடப்பதற்கும் முதன்மையான காரணம் இந்த மூடி.

இந்த மூடிக்கு அடியில்தான் சுழல்கள் வேலை செய்கின்றன. ஒரு சுழலை எடுத்துக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 15 டிகிரி வடக்கில், 100 கிலோமீட்டர் ஆரமுள்ள, இடஞ்சுழியாகச் சுற்றும் ஒரு சுழல். கடல் மட்டத்தை அளக்கும் உயரமானி செயற்கைக்கோளில் அதன் நடுவில் கடல் மட்டம் விளிம்பைவிட 20 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஆனால் அந்த அட்சரேகையில் பூமியின் சுழற்சியோடு அது சமநிலையில் நிற்க, நீர் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் சுற்ற வேண்டும். விளிம்பை ஒருமுறை சுற்றிவர 14, 15 நாள் ஆகும். இப்போது கீழே பாருங்கள். மேல்நீருக்கும் கீழ்நீருக்கும் அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு 3 முதல் 5 கிலோதான். ஆகவே மேலே தாழ்ந்த ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கீழே வெப்பநிலை சட்டென்று குறையும் அடுக்கு, அதாவது தெர்மோக்ளைன், 2 முதல் 3 மீட்டர் மேலேறும். 20 சென்டிமீட்டருக்கு 40 முதல் 60 மீட்டர்.

80 மீட்டரில் இருந்த நைட்ரேட் சரிவு 30 மீட்டருக்கு வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். 80 மீட்டரில் கிடைத்த ஒளி மேற்பரப்பில் இருப்பதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. 30 மீட்டரில் சுமார் 16 சதவீதம். உரம் இருக்கும் இடத்துக்கு ஒளி இருபது மடங்கு கூடிவிட்டது. மிதவைகள் பெருக இது தாராளம். ஆனாலும் மேலே கலந்துகிடக்கும் அடுக்கின் அடிப்பகுதி 10, 20 மீட்டரில்தான் இருக்கிறது. 30 மீட்டரில் வளரும் பச்சைக்கும் மேற்பரப்புக்கும் நடுவே அந்த நன்னீர் மூடி குறுக்கே நிற்கிறது. செயற்கைக்கோளுக்குத் திரும்பிவரும் ஒளியில் பெரும்பங்கு மேலே உள்ள 15 முதல் 20 மீட்டரிலிருந்து வருவது. ஆகவே சுழலின் நடுவில் வளர்ச்சி பலமாக நடந்துகொண்டிருக்கும்போதே படம் நீலம் காட்டும்.

கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 2001-இல் தொடங்கி சாகர் கன்யா கப்பலில் நடத்திய வங்காள விரிகுடா செயல்முறை ஆய்வுகள் காட்டியதும் இதுவே. குளிர்நடுச் சுழல்களுக்குள், அதாவது நடுவில் குளிர்ந்த கீழ்நீர் ஏறிநிற்கும் இடஞ்சுழிகளுக்குள், நைட்ரேட் சரிவு மேலேறியிருந்தது, அடியிலிருந்த குளோரோபில் உச்சம் ஆழம் குறைந்து அடர்த்தி கூடியிருந்தது, மேற்பரப்பில் பெரிய மாற்றமில்லை. விரிகுடாவின் உற்பத்தியைக் கூட்டுவதில் சுழல்களுக்கு உள்ள பங்கை பிரசன்ன குமாரும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் முன்வைத்தார்கள். விரிகுடாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் யாரும் இந்த ஆய்வு வரிசையிலிருந்து தொடங்குவது நல்லது.

மூடியை உடைக்கப் புயல் வேண்டும். குளிர்நடுச் சுழலின் மேல் ஒரு வலுவான புயல் கடந்தால், காற்று மேல் அடுக்கைக் கலக்கும்; உரம் ஏற்கெனவே 30 மீட்டரில் காத்திருப்பதால் அது சட்டென்று மேலே வரும். சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மேற்பரப்பே பச்சையாகும். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பின் விரிகுடாவின் வடமேற்கில் குளோரோபில் கூடியது பதிவாகியிருக்கிறது. இதே புயல் நைட்ரேட் சரிவு 100 மீட்டரில் கிடக்கும் வலஞ்சுழி ஒன்றின் மேல் போனால் பெரிதாக எதுவும் தெரியாது. புயல் எவ்வளவு வலுவானது என்பதோடு, அது எந்தச் சுழலின் மேல் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. பாடப்புத்தகங்களில் இடஞ்சுழிச் சுழலின் நடுவில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் சுழல் இருக்கும்வரை நீர் ஏறிக்கொண்டே இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. சுழல் உருவாகி வலுப்பெறும்போதுதான் தெர்மோக்ளைன் ஏறுகிறது. ஏறியபின் அங்கேயே நிற்கிறது. வந்த உரத்தைச் சில வாரங்களில் மிதவைகள் தீர்த்துவிடும். சுழல் தளரும்போது தெர்மோக்ளைன் மறுபடி இறங்கும். ஆகவே வயதான குளிர்நடுச் சுழல் ஒன்று நீலமாக, ஏழையாக இருப்பது முற்றிலும் இயல்பு. கடல்மட்டப் படத்தில் ஒரு சுழலைப் பார்த்தால், அது முந்தைய வாரங்களில் ஆழமாகிக்கொண்டு வந்ததா, தளர்ந்துகொண்டு வந்ததா என்பதை முதலில் பாருங்கள். ஒரு நாள் படம் மட்டும் இதைச் சொல்லாது.

அடுத்தது கிளறல். உலகக் கடல் முழுவதையும் வைத்துப் பார்த்தால், செயற்கைக்கோள் படங்களில் சுழலோடு சேர்ந்து தெரியும் குளோரோபில் மாற்றங்களில் பெரும்பங்கு வளர்ச்சியால் வருவதல்ல, ஏற்கெனவே உள்ள பச்சையைச் சுழல் இழுத்து வளைப்பதால் வருவது என்று செல்டனும் குழுவினரும் 2011-இல் காட்டினார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மேற்கே கரை பச்சை, கிழக்கே நடுக்கடல் நீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடஞ்சுழியில் தெற்கு விளிம்பில் நீர் கிழக்கே போகும், வடக்கு விளிம்பில் மேற்கே வரும். ஆகவே பச்சை நாக்கு தெற்கு விளிம்பில் கடலுக்குள் நீளும், வடக்கு விளிம்பில் நீல நாக்கு கரைப்பக்கம் வரும். வலஞ்சுழியில் இது தலைகீழ். இப்படி ஒருபக்கம் பச்சை, மறுபக்கம் நீலம் என்று தெரிந்தால் கிளறல் என்று கொள்ளலாம். நடுவில் வட்டமாகப் பச்சை இருந்தால் வளர்ச்சியையோ சிறைப்பிடிப்பையோ தேடலாம். சோமாலியாவுக்கு அப்பால் பருவக்காற்றில் உருவாகும் பெருஞ்சுழல் கிளறலுக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. அது வலஞ்சுழி, நடுவில் வெப்ப நீர். அதன் விளிம்பில் வினாடிக்கு 2 மீட்டருக்கும் மேல் போகும் வேகத்தில், கரையில் மேலேறிய குளிர்ந்த பச்சை நீர் நாடாவாகச் சுற்றிக்கொண்டு போகும்.

சிறைப்பிடிப்பு என்றேன். சுழலின் உள்ளே நீர் சுற்றும் வேகம், சுழல் மொத்தமாக நகரும் வேகத்தைவிட அதிகமாக இருந்தால், நடுவில் உள்ள நீர் வெளியேற முடியாது. விரிகுடாவில் சுழல்கள் மேற்கு நோக்கி நாளுக்கு 4 முதல் 9 கிலோமீட்டர் நகர்கின்றன. உள்ளே சுற்றும் வேகம் அதைவிடப் பல மடங்கு. கரையில் பிரிந்த ஒரு சுழல் கரை நீரையும் அதிலுள்ள மிதவைகளையும் மாதக்கணக்கில் சுமந்து போக முடியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் லீவின் நீரோட்டத்தில் பிரியும் வெப்பநடுச் சுழல்கள் பச்சையாக இருப்பதற்கு இது ஒரு காரணம். வெப்பநடுச் சுழல் என்றால் நீலம் என்று மனப்பாடம் செய்தவர்கள் அங்கே குழம்பிப்போவார்கள். அட்லாண்டிக்கில் பெர்முடாவுக்கு அருகே 2005-இல் ஆராய்ந்த ஒரு சுழல் இன்னும் விசித்திரம். மேல் அடர்த்தி அடுக்கு ஏறியும் கீழ் அடுக்கு இறங்கியும், நடுவில் ஒரு பருத்த நீர்வில்லை போன்ற அமைப்பு. அது வலஞ்சுழியாகச் சுற்றியது. அந்தச் சுற்றுக்கு எதிர்த்திசையிலும் அதே திசையிலும் காற்று வேறுபட்ட விசையோடு உரசுவதால் நடுவில் மெதுவாக நீர் ஏறிக்கொண்டே இருந்தது. விளைவு, உரமற்ற சர்காசோ கடலின் நடுவே அசாதாரண அடர்த்தியில் டயட்டம் என்ற, சிலிகா ஓடுள்ள தாவர மிதவை.

சுழல்களின் விளிம்பில், 1 முதல் 10 கிலோமீட்டர் அகலமுள்ள கூர்மையான எல்லைகளில் செங்குத்து வேகம் நாளுக்குப் பல பத்து மீட்டர்வரை போகும். நேரம் குறைவு, பரப்பு குறைவு, ஆனால் உரத்தை ஏற்றுவதில் பங்கு பெரிது. பழைய உயரமானிப் படங்களில் இவை தெரியாது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட, கடல் மட்டத்தை இன்னும் நுணுக்கமாக அளக்கும் ஸ்வாட் (SWOT) செயற்கைக்கோள் இவற்றில் பெரியவற்றைக் காட்டத் தொடங்கியிருக்கிறது.

எவ்வளவு பச்சை என்பதோடு எந்தப் பச்சை என்பதும் மாறும். மூடி கெட்டியாக இருக்கும் நீல நீரில் 0.6 மைக்ரான் அளவுள்ள புரோக்ளோரோகாக்கஸ், ஒரு மைக்ரானை ஒட்டிய சினெக்கோகாக்கஸ் இவைதான் ஆட்சி. மேற்பரப்பு பெரிது, உடல் சிறிது என்பதால் கொஞ்சநஞ்ச உரத்தையும் உறிஞ்சிவிடும். நைட்ரேட்டும் சிலிகேட்டும் ஒருசேர வந்தால் டயட்டம்கள் முந்திவிடும். சின்ன செல்களைத் தின்பது ஒற்றைச்செல் உயிரிகள், அவற்றைத் தின்ற பிறகுதான் கோபிபாட். டயட்டத்தைக் கோபிபாட் நேரடியாகவே தின்னும். சங்கிலியில் ஒரு கண்ணி குறைந்தால் மீனுக்குப் போய்ச் சேரும் பங்கு பல மடங்கு கூடும். மீன்வளத்துக்குக் குளோரோபில்லின் எண்ணைவிட இந்த மாற்றமே அதிகம் பொருட்படுத்த வேண்டியது.

விலங்கு மிதவைகள் வெறுமனே மிதப்பவை அல்ல. ஒரு கோபிபாட் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் நீந்தினாலும், வினாடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் ஓடும் நீரை எதிர்க்க முடியாது. ஆனால் செங்குத்தாக அது எஜமான்: மணிக்கு 36 மீட்டர் ஏறி இறங்கும். மேலே ஒரு திசையிலும் கீழே வேறு திசையிலும் நீர் ஓடும்போது, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்குவது என்பதைக்கொண்டே தான் போகும் இடத்தை அது ஓரளவு தீர்மானிக்கிறது. இரவில் மேலே வந்து தின்று, பகலில் மீன்களின் கண்ணுக்குத் தப்பிக் கீழே போவது வழக்கம். வங்காள விரிகுடாவில் இதற்கும் ஒரு தடை உண்டு. 100 மீட்டருக்குக் கீழே சில நூறு மீட்டருக்கு ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு கிடக்கிறது. குளிர்நடுச் சுழல் உரத்தை உயர்த்தும்போது இந்த அடுக்கையும் சேர்த்தே உயர்த்துகிறது. பல இனங்கள் மேலே ஒரு மெல்லிய அடுக்கில் நெருக்கியடித்துக் கிடக்க நேரிடும். உணவும் அங்கேதான், எதிரியும் அங்கேதான்.

மிதக்கும் தன்மையும் கணக்கில் வரும். வாயுக்குமிழ்கள் கொண்ட டிரைக்கோடெஸ்மியமும், இலேசான திரவம் நிரம்பிய நாக்டிலூகாவும் மேலே மிதக்கும் பிளாங்க்டன் வகைகள். இரண்டு நீர்கள் சந்தித்து மேல்நீர் கீழே இறங்கும் கோடுகளில், நீர் இறங்கிப்போகும், இவை இறங்காமல் அங்கேயே சேர்ந்துகொண்டே இருக்கும். ராமநாதபுரம் கடலோரத்தில் பூங்கோரை என்று சொல்லும் பச்சைப் படலம் சில நாளில் இவ்வளவு அடர்த்தியாகத் தெரிவதற்கு, வளர்ச்சியோடு இந்தச் சேர்ப்பும் காரணம். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா பெருகியபோது மீன்கள் செத்து ஒதுங்கின. ஓரிடத்தில் குவிந்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்வதும், அம்மோனியா கசிவதும் மீனைக் கொல்லும். ஆகவே இத்தகைய நேரத்தில் ஒரு குப்பி நீரை அள்ளி எண்ணிவிட்டுக் கடல் முழுக்க இப்படித்தான் என்று சொல்வது தவறு.

தமிழ்நாட்டுக் கரைக்கு ஒரு விதி போதும்: வட அரைக்கோளத்தில் நீரோட்டம் போகும் திசையைப் பார்த்து நின்றால், வலப்பக்கம் கடல் மட்டம் உயர்ந்து தெர்மோக்ளைன் இறங்கியிருக்கும், இடப்பக்கம் அதற்கு எதிர். பிப்ரவரி முதல் மே வரை கிழக்குக் கரை நீரோட்டம் வடக்கே ஓடுகிறது. சென்னைக் கரை மீனவர் தெண்டி என்பது இந்தத் தெற்கிலிருந்து வரும் நீரை. அப்போது கரை இடப்பக்கம், கீழ்நீர் கரையோரம் மேலே வரத் தயாராக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடக்கிலிருந்து வரும் வண்ணி. கரை வலப்பக்கம், தெர்மோக்ளைன் கீழே அமுங்கியிருக்கும். போதாததற்குக் கங்கைப் பக்கத்து நன்னீரையும் தெற்கே கொண்டுவந்து மூடி போடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் விரிகுடாவின் தென்மேற்கில், இலங்கைக்குக் கிழக்கும் வடகிழக்குமான பகுதியில் பச்சை பரவுவதற்குக் காரணம் கரை நீரோட்டம் அல்ல, காற்றின் சுழற்சி கரையிலிருந்து தள்ளி நீரை மேலிழுப்பது. அங்கே புயல் குறுக்கிட்டால் அது இன்னும் தீவிரமாகும்.

நீங்களே படத்தை எடுத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முதலில் கடல்மட்ட வேறுபாட்டுப் படத்தை ஐந்தாறு வாரத்துக்கு வரிசையாக வைத்து, எந்தச் சுழல் வளர்கிறது, எது தளர்கிறது என்று குறியுங்கள். அதன் மேல் குளோரோபில் படத்தை வையுங்கள். பருவமழைக் காலத்தில் மேகத்தால் தினசரிப் படம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். 8 நாள் தொகுப்பைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும். அந்த 8 நாளில் சுழல் 30 முதல் 70 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும், விளிம்பு நாடாக்கள் அழிந்து பூசினாற்போல் ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். கழிமுகங்களில் வண்டலையும் கரைந்த மக்குப் பொருளையும் குளோரோபில் என்று கணக்கு காட்டும். பாக் நீரிணை போன்ற ஆழமற்ற கடலில் தரையின் நிறமே மேலே தெரியும். அங்கே ஆண்டு முழுக்கப் பச்சையாக இருப்பதை அப்படியே பிளாங்க்டன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிறகு ஆர்கோ மிதவைக் கருவியின் தரவைச் சேர்க்க வேண்டும். அது 1,000 மீட்டரில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி மேலேறும். உயிர்வேதி அளவிகள் பொருத்தியவை குளோரோபில்லும் சிலவற்றில் நைட்ரேட்டும் தரும். அடியில் மறைந்த பச்சையைக் காண நடுக்கடலில் கிடைக்கும் மிக நல்ல வழி இதுவே. ஆனால் இரண்டு எச்சரிக்கை. பகல் வெயிலில் மேல்மட்ட மிதவைகள் ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஒளிர்வை வைத்து அளக்கும் கருவி நண்பகலில் மேற்பரப்பில் குளோரோபில் குறைவு என்று காட்டும். அடியில் இருக்கும் உச்சம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். இரவு அளவீடுகளோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். இரண்டாவது, மங்கலான ஒளியில் வாழும் செல் தன் உடலில் அதிகக் குளோரோபில்லைச் சேர்த்துக்கொள்ளும். 60 மீட்டரில் குளோரோபில் இரட்டிப்பானால் உயிர்ப்பொருள் இரட்டிப்பு என்று பொருளில்லை. ஒளிச்சிதறல் அளவியும் அதே ஆழத்தில் உயர்ந்தால்தான் அங்கே உண்மையாகவே அதிக செல்கள் இருக்கின்றன.

கப்பலில் வலை போடுபவர்களுக்கு ஒன்று. 200 மைக்ரான் கண்ணுள்ள வலையை 200 மீட்டரிலிருந்து ஒரே மூச்சில் மேலே இழுத்தால் சுழலின் வேலை முழுதும் சராசரியில் கரைந்துபோகும். தெர்மோக்ளைனுக்கு மேல், அதற்குள், அதற்குக் கீழ் என்று மூடும் வலையால் பிரித்து எடுங்கள். நிலையங்களை ஒரு டிகிரி, அதாவது 110 கிலோமீட்டர் தள்ளித் தள்ளி வைத்தால் ஒரு சுழலின் நடுவும் விளிம்பும் அடுத்த சுழலும் ஒரே கோட்டில் கலந்துவிடும். சுழலைக் குறிவைத்தால் 20 முதல் 30 கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டும். பகலில் ஒரு நிலையமும் இரவில் அடுத்ததும் எடுத்தால், இடத்தால் வந்த வேறுபாடா, மிதவைகள் ஏறி இறங்கியதால் வந்ததா என்று பிறகு பிரிக்கவே முடியாது.

ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) வெளியிடும் மீன்பிடி இட அறிவிப்புகள் கடல் வெப்பநிலை, குளோரோபில் இரண்டின் கூர்மையான எல்லைகளை வைத்தே கணிக்கப்படுகின்றன. பச்சை தோன்றிய அன்றே மீன் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தாவர மிதவை பெருகி, அதைத் தின்ன விலங்கு மிதவை பெருக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அதற்குள் சுழல் அந்த நீரை வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருக்கும். ஆகவே ஒரே படத்தில் மிகப் பச்சையான புள்ளியைத் தேடுவதைவிட, வாரக்கணக்கில் கலையாமல் ஒரு சுழலைச் சுற்றியே நிற்கும் எல்லையைத் தேடுவது பலன் தரும்.